ஒருவருக்குத் தானாகப் போகும் வைரஸ் இன்னொருவருக்கு ஏன் தங்கிவிடுகிறது? ஹெபடைடிஸும் மரபணுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) என்று ரிப்போர்ட் வந்ததுமே பலர் மனதில் எழும் முதல் கேள்வி, "எனக்கு மட்டும் ஏன்?" என்பது. அதற்கு அடுத்தது, "பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றுமே செய்யாமல் போய்விட்டதே, எனக்கும் போகாதா?" என்பது. இரண்டாவது கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி நம் மரபணுவில் இருக்கிறது. ஒரு பகுதிதான், முழுவதும் இல்லை. எந்தப் பகுதி என்று பார்க்கலாம்.

மரபணுதான் காரணம் என்று எப்படித் தெரியும்? சாப்பாடு, குடி, உடம்பு வாகு என்று ஆயிரம் இருக்கிறதே?

நியாயமான சந்தேகம். இதற்கு நல்ல பதில் அயர்லாந்தில் நடந்த ஒரு விபரீதத்திலிருந்து கிடைக்கிறது. அம்மாவுக்கு நெகட்டிவ் ரத்தம், குழந்தைக்குப் பாசிட்டிவ் என்றால் பிரசவத்தை ஒட்டி 'ஆன்டி-டி' என்று ஓர் ஊசி போடுவார்கள். நம் ஊரிலும் போடுகிறார்கள். மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து தயாராகும் மருந்து அது. 1977-78இல் அயர்லாந்தில் அந்த ஊசி மருந்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் கலந்துவிட்டது. பிளாஸ்மா கொடுத்த ஒரே ஒருவரிடமிருந்து வந்த வைரஸ். அந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான் என்பதால் அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1994இல் விஷயம் வெளியே வந்தது.

ஊசி போட்டுக்கொண்ட 62,667 பெண்களைச் சோதித்தார்கள். 704 பேரிடம் தொற்று வந்த தடயம் இருந்தது. அவர்களில் 390 பேர் ரத்தத்தில், ஏறக்குறைய 17 வருடம் கழித்தும் வைரஸ் இருந்தது. மிச்சப் பேருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

எல்லோரும் பெண்கள், எல்லோரும் பிள்ளை பெறும் வயதினர், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள். உள்ளே போனதோ ஒரே மூலத்திலிருந்து வந்த வைரஸ். ஆராய்ச்சியாளர் நினைத்தாலும் இப்படி ஒரு சோதனையை நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. ஆனால் நடந்துவிட்டது. அப்புறம் இரண்டு தரப்பின் மரபணுக்களையும் ஒப்பிட்டபோது, எச்.எல்.ஏ. என்ற மரபணுத் தொகுதியில் சில வகைகள் வைரஸை விரட்டியவர்களிடம் அதிகமாகத் தென்பட்டன. பி27 அதில் ஒன்று.

எச்.எல்.ஏ. என்றால்? கிட்னி மாற்று அறுவைக்கு 'மேட்ச்' பார்ப்பார்களே, அதுவா?

அதேதான். ஆனால் அது கிட்னி மாற்றுவதற்காக நமக்குள் வைக்கப்பட்டது அல்ல. அதன் அன்றாட வேலை வேறு. ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களில் ஒரு துணுக்கை எடுத்து வாசலில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். காலையில் வாசலில் கோலம் இருந்தால் வீட்டில் எல்லாம் வழக்கம்போல என்று தெருவில் போகிறவருக்குத் தெரிகிற மாதிரி. நம் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள் ரோந்து வரும்போது அந்தத் துணுக்கைப் பார்த்துவிட்டு நகரும். உள்ளே வைரஸ் புகுந்திருந்தால் வாசலில் வைரஸின் துணுக்கு வந்து நிற்கும். டி செல் அதைக் கண்டதும் அந்தச் செல்லையே காலி செய்யும்.

துணுக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் கைதான் எச்.எல்.ஏ. அந்தக் கையின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருடைய கைக்கு வைரஸின் முக்கியமான துணுக்கு கச்சிதமாகப் பொருந்தும். இன்னொருவருடைய கைக்கு அது வழுக்கிவிடும், உப்புச்சப்பில்லாத வேறு ஏதோ துணுக்கைத்தான் காட்டும். மனித உடம்பில் இவ்வளவு வகை வேறுபாடு உள்ள மரபணுக்கள் வேறு இல்லை என்றே சொல்லலாம். எல்லோருக்கும் ஒரே கை இருந்தால், அதை ஏமாற்றக் கற்ற ஒரே ஒரு கிருமி ஊரையே காலி செய்துவிடுமே.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கே கல்லீரல் செல்லைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் இல்லை, நம்முடைய டி செல்தான். ஹெபடைடிஸ் சி வந்த புதிதில் கண் மஞ்சளாகிப் படுக்கிறவர்களுக்குத்தான், எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடுகிறவர்களைவிட, வைரஸ் தானாக விலகும் வாய்ப்பு அதிகம். அந்த மஞ்சள், உள்ளே சண்டை நடக்கிறது என்பதன் அடையாளம்.

எச்.எல்.ஏ.-பி27 என்றால் முதுகுவலிக்கு எழுதித் தரும் டெஸ்ட் இல்லையா?

ஆமாம். காலையில் எழுந்ததும் இடுப்பும் முதுகும் மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடக்கிறது என்று போகும் இளைஞர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் அதே பி27தான். தண்டுவட மூட்டு இறுக்க நோய்க்கு வழி வகுக்கும் அதே வகை, ஹெபடைடிஸ் சி-யிடம் நல்ல பிள்ளை. எச்.ஐ.வி.யையும் மெதுவாக்குகிறது. ஒரு கை கொடுத்தால் இன்னொரு கை எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

அது எப்படி உதவுகிறது என்பதும் ஓரளவு தெரிந்ததே. சி வைரஸ் தன்னை நகலெடுக்க வைத்திருக்கும் நொதியில் மாற்றிக்கொள்ள முடியாத ஒரு பகுதி உண்டு. பி27 பிடித்துக் காட்டுவது சரியாக அந்த இடத்தை. தப்பிக்க வேண்டுமானால் வைரஸ் அங்கே பல எழுத்துகளை ஒருசேர மாற்ற வேண்டும், மாற்றினால் அதன் பிழைப்பே நொண்டியடிக்கும்.

ஆனால் இந்தியாவில் பி27 உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். இந்தப் பாதுகாப்பு 'ஜீனோடைப் 1' என்ற வகை வைரஸுக்குத்தான். நம் நாட்டில் அதிகம் சுற்றுவது ஜீனோடைப் 3. அதில் அந்தத் துணுக்கின் எழுத்துகளே வேறு.

ஐ.எல்.28பி என்று ஒரு மரபணு டெஸ்ட் முன்பு பேசப்பட்டதே, அது என்ன?

இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் ஹெபடைடிஸ் சி-க்கு வைத்தியம் என்றால் இன்டர்ஃபெரான் ஊசி. வைரஸை எதிர்க்க நம் உடம்பே சுரக்கும் பொருள் அது. வாரம் ஒன்று, கூடவே ரிபாவிரின் மாத்திரை, ஜீனோடைப் 1 என்றால் 48 வாரம். காய்ச்சல், முடி கொட்டுதல், மன அழுத்தம், ரத்தசோகை எல்லாம் இலவச இணைப்பு. அவ்வளவு பட்டும் ஜீனோடைப் 1 நோயாளிகளில் பாதிப் பேர்கூடத் தேற மாட்டார்கள். அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்கு இன்னும் குறைவாகவே பலித்தது. மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்வதில்லை என்று பழி நோயாளிகள் மேல் விழுந்த நாட்களும் உண்டு.

2009இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு, ஆஸ்திரேலியக் குழு, ஜப்பானியக் குழு என்று மூன்று குழுக்கள் தனித்தனியே தேடி ஒரே இடத்தில் வந்து முட்டின. 19ஆவது குரோமோசோமில், ஓர் இன்டர்ஃபெரானைச் செய்யும் ஐ.எல்.28பி மரபணுவுக்குப் பக்கத்தில். அங்கே ஒரே ஓர் எழுத்தில் வித்தியாசம்: சிலருக்கு சி (C), சிலருக்கு டி (T). அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வருமாகையால் சி-சி, சி-டி, டி-டி என்று மூன்று விதம். சி-சி உள்ளவர்களுக்கு மருந்து பலிக்கும் வாய்ப்பு டி-டி உள்ளவர்களைப் போல இரண்டு மடங்கு. கிழக்காசியாவில் இந்த சி எழுத்து மிக அதிகம், ஐரோப்பாவில் நடுத்தரம், ஆப்பிரிக்க வம்சாவளியில் குறைவு. கறுப்பின நோயாளிகளுக்கும் வெள்ளையர்களுக்கும் இடையே மருந்து பலிப்பதில் இருந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்கு இதுவே காரணம் என்று கணக்கிட்டார்கள். ஒழுங்காக மருந்து போடவில்லை என்று திட்டு வாங்கியவர்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்று தெரியவில்லை.

அதே வருடம் இன்னொன்றும் தெரிந்தது. மருந்தே இல்லாமல் வைரஸ் விலகுவதற்கும் இதே எழுத்துதான் துணை. சி-சி உள்ளவர்களில் பாதியை ஒட்டியவர்கள் தானாகத் தேறினார்கள், டி வைத்திருந்தவர்களில் கால்வாசியை ஒட்டியவர்கள்தான்.

சி என்ற எழுத்து இருந்தால் அதிக இன்டர்ஃபெரான் சுரக்கும், அதனால்தான் என்று படித்தேன். சரியா?

முதலில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2013இல் கதை தலைகீழாகத் திரும்பியது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் அதே இடத்தைத் தோண்டியபோது அதுவரை யாருமே பார்க்காத ஒரு மரபணு கிடைத்தது. ஐ.எஃப்.என்.எல்.4 என்று பெயர் வைத்தார்கள். அதுவும் ஓர் இன்டர்ஃபெரானைத்தான் செய்கிறது. அதைச் செய்ய முடிகிறவர்களுக்கு வைரஸ் தங்குகிறது, செய்ய முடியாதபடி பழுதானவர்களுக்கு விலகுகிறது!

பழுது எப்படி என்று கேட்டால், ஓர் எழுத்து கூடியதால். மரபணுவைச் செல் மும்மூன்று எழுத்தாகப் படிக்கும். 'மரம்பழம்குடம்' என்று சேர்த்து எழுதியிருப்பதாக வையுங்கள். மூன்று மூன்றாகப் பிரித்தால் மரம், பழம், குடம். இப்போது மரத்துக்குப் பிறகு ஒரே ஒரு 'க' நுழைந்தால்? மரம், கபழ, ம்குட, ம். முதல் சொல் மட்டும் தேறுகிறது, மற்றதெல்லாம் உளறல். அப்படித்தான் அந்தப் புரதம் உருவாகாமல் போகிறது. பழைய சி எழுத்து பெரும்பாலும் இந்தப் பழுதோடு சேர்ந்தே பயணிப்பதால்தான் முதலில் அது கண்ணில் பட்டது.

வைரஸை எதிர்க்கும் பொருளைச் சுரக்க முடியாதவருக்கு வைரஸ் விலகுவானேன்? பலரும் ஏற்கும் விளக்கம் இது: ஐ.எஃப்.என்.எல்.4 சுரப்பவர்களின் கல்லீரலில் எச்சரிக்கை மணி எந்நேரமும் மெல்ல அடித்துக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்க காலிங் பெல் அடிக்கும் வீட்டில் நிஜமாக யாராவது வந்து அழுத்தினால் எழுந்து போவார்களா?

டி செல் தவிர வேறு படை எதுவும் இல்லையா?

உண்டு. 'என்.கே. செல்' என்று பெயர், இயற்கைக் கொல்லி என்று மொழிபெயர்க்கிறார்கள். வைரஸின் துணுக்குக்காகக் காத்திராமல் சந்தேகப்பட்டாலே அடிக்கும் ரகம். அதனாலேயே அதற்குக் கே.ஐ.ஆர். என்ற பிரேக்குகளும் உண்டு. பிரேக் இறுக்கமாக இருப்பவர்களும் தளர்வாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். 2004இல் வந்த ஓர் ஆய்வில், கே.ஐ.ஆர்.2டிஎல்3 என்ற தளர்வான பிரேக்கும் அதற்கேற்ற எச்.எல்.ஏ.-சி வகையும் இரட்டைப் பிரதியாக அமைந்தவர்களுக்கு சி வைரஸ் எளிதில் விலகியது தெரிந்தது.

சுவாரசியம் என்னவென்றால், ஊசி மூலம் கொஞ்சமாக வைரஸ் புகுந்தவர்களுக்குத்தான் இந்தப் பலன். பாட்டில் கணக்கில் ரத்தம் ஏற்றி அதன் வழியே வந்தவர்களுக்கு இந்த ஜோடி இருந்தும் பயனில்லை. மரபணு எவ்வளவு நல்லதானாலும், உள்ளே வரும் கூட்டத்தின் அளவும் முக்கியம்.

ஹெபடைடிஸ் பி-க்கும் இதே கதையா?

ஓரளவுதான். பி-யில் மரபணுவைத் தூக்கிச் சாப்பிடும் காரணம் ஒன்று இருக்கிறது: வயது. பெரியவர்களுக்கு வந்தால் 95 சதவீதம் பேருக்கு மேல் தானாக விலகும். பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வந்தால் 90 சதவீதம் குழந்தைகளுக்குத் தங்கிவிடும். எந்த எச்.எல்.ஏ. வகையும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவதில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி என்று அடித்துச் சொல்வது இதனால்தான்.

மரபணுவின் பங்கும் இல்லாமலில்லை. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 1995இல் டிஆர்பி1*1302 என்ற எச்.எல்.ஏ. வகை இருந்தவர்கள் பி வைரஸை நன்றாக விரட்டியது தெரிந்தது. 2009இல் ஜப்பானில் எச்.எல்.ஏ.-டிபி பகுதியும் இதில் சம்பந்தப்பட்டது என்று கண்டார்கள்.

ஒரு துணைக்கதை. பி வைரஸைக் கண்டுபிடித்த பாரூக் பிளம்பர்க் வைரஸைத் தேடிப் போகவே இல்லை. மனிதர்களின் ரத்தப் புரதங்களில் உள்ள பரம்பரை வித்தியாசங்களைத் தேடிப் போனவர். 1960களில் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தத்தில் புதிதாக ஒன்றைக் கண்டு, அதையும் பரம்பரைக் குணம் என்றே முதலில் நினைத்தார். அது வைரஸின் மேலுறை. இன்று ரத்ததானம் செய்யும்போது பார்க்கும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. அதுதான். 1976இல் நோபல் பரிசு. அவருடைய பிறந்தநாளான ஜூலை 28தான் உலக ஹெபடைடிஸ் தினம்.

ஏ, ஈ வகைக் காமாலைகள்?

தண்ணீரில் வருபவை. சில வாரங்களில் தாமாகவே போய்விடும், நாள்பட்டுத் தங்குவது வழக்கமில்லை. ஈ வகை மட்டும் நிறைமாத கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது, வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது.

அபூர்வமாக ஏ வகையிலும் சிலருக்கு ஒரேயடியாகக் கல்லீரல் செயலிழக்கும். அப்படி இறந்த 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் மரபணுவை ஆராய்ந்து 2019இல் எழுதினார்கள். ஐ.எல்.18 என்ற தூண்டுபொருளை அடக்கிவைக்கும் புரதத்தின் மரபணு, இரண்டு பிரதியிலும் பழுது. அடக்க ஆளில்லாததால் அவளுடைய என்.கே. செல்களே கல்லீரலை அழித்துவிட்டன. எதிர்ப்புச் சக்தி 'அதிகம்' இருந்தால் நல்லது என்று பவுடரும் டானிக்கும் விற்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். இப்படி இரண்டு பிரதியும் ஒரே பழுதோடு அமையும் வாய்ப்பு, சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் சற்று அதிகம். ஆனாலும் மிக மிக அபூர்வம், இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

அண்ணனுக்கு ஹெபடைடிஸ் சி வந்து தானாகவே போய்விட்டது. "ஒரே ரத்தம்தானே, உங்களுக்கும் போய்விடும், பொறுங்கள்" என்கிறார் அண்ணி. காத்திருக்கலாமா?

அண்ணியின் அக்கறை சரி, கணக்கு தவறு. உடன்பிறந்த இருவருக்கு எச்.எல்.ஏ. முழுவதும் ஒத்துப்போக வாய்ப்பு நாலில் ஒன்று. ஐ.எஃப்.என்.எல்.4 வேறு குரோமோசோமில் இருக்கிறது, அங்கும் இரு பிரதியும் ஒன்றாக வர நாலில் ஒன்று. இரண்டும் சேர்ந்து வர பதினாறில் ஒன்று. வந்தாலும் அது உறுதி இல்லை, சாதகம் மட்டுமே. மொத்தத்தில் தொற்று வந்தவர்களில் 30 சதவீதத்தை ஒட்டியவர்களுக்கே, பெரும்பாலும் 6 மாதத்துக்குள், தானாக விலகுகிறது. முன்பெல்லாம் அந்த 6 மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள். இப்போது காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கலாம் என்பதே பல நிபுணர்களின் கருத்து. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்படியானால் இந்த மரபணு டெஸ்டை எடுத்துப் பார்த்துவிடலாமா?

வேண்டாம். பணம் மிச்சம். 2013 கடைசியில் சோஃபோஸ்புவிர் வந்தது. அது நம் எதிர்ப்புச் சக்தியை நம்பி வேலை செய்வதில்லை, வைரஸின் நகலெடுக்கும் நொதியிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதுபோலவே வைரஸை நேரடியாகத் தாக்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்துப் பெரும்பாலும் 12 வாரம், மாத்திரை மட்டும். 95 சதவீதம் பேருக்கு மேல் குணம். சி-சியா டி-டியா என்பது ஏறக்குறைய பொருட்டே இல்லாமல் போய்விட்டது. இந்தியாவில் தயாராகும் ஜெனரிக் மாத்திரை இருக்கிறது, 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் தருகிறார்கள்.

கீழாநெல்லி சாப்பிட்டுத்தான் எங்கள் மாமாவுக்குக் காமாலை போனது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மாமாவுக்கு வந்தது ஏ வகையாக இருந்தால், கீழாநெல்லி சாப்பிட்டிருந்தாலும் போயிருக்கும், சும்மா மோர்சாதம் சாப்பிட்டிருந்தாலும் போயிருக்கும். தானாகப் போகும் நோய்க்கு எந்த மருந்தும் கைராசியான மருந்துதான்.

ஆனால் கீழாநெல்லியை இளக்காரமாகத் தள்ளிவிடவும் முடியாது. அதே பிளம்பர்க், சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவோடு சேர்ந்து 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பி வைரஸ் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் தாய்லாந்திலும் வேறு சில இடங்களிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. வருத்தம்தான். ஆகவே ஹெபடைடிஸ் சி இருப்பவர்கள் கீழாநெல்லியை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நர்ஸாக இருக்கிறேன். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் போட்டும் டைட்டர் ஏறவில்லை. என் உடம்பில் என்ன கோளாறு?

கோளாறு எதுவும் இல்லை. டைட்டர் என்பது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளின் (ஆன்டிபாடி) அளவு. ஆரோக்கியமான பெரியவர்களிலேயே 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அது பாதுகாப்புக்குத் தேவையான 10-ஐ எட்டாது. இதிலும் எச்.எல்.ஏ.தான், டிஆர்3, டிஆர்7 வகையினரிடம் இது அதிகம். முதலில் ஏற்கெனவே பி தொற்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னொரு சுற்று மூன்று ஊசியும் போட்டால் பலருக்கு ஏறிவிடும். அதற்கும் ஏறவில்லை என்றால், நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்தினால் அன்றே ரெடிமேட் ஆன்டிபாடி ஊசி தேவைப்படும் என்பதை உங்கள் பணியிடப் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

"ஆன்டி-எச்.சி.வி. பாசிட்டிவ், ஆர்.என்.ஏ. இல்லை" என்று வந்திருக்கிறது. நான் நோயாளியா இல்லையா?

பொய்யாக வந்த பாசிட்டிவ் இல்லையென்றால், சிகிச்சையும் எடுத்ததில்லை என்றால், நீங்கள் அந்த 30 சதவீதக்காரர். ஆர்.என்.ஏ. என்பது வைரஸின் மரபணுப் பொருள், அது உங்கள் ரத்தத்தில் இல்லை. வைரஸ் வந்து போயிருக்கிறது. ஆன்டிபாடி என்பது வந்து போனவனின் காலடித் தடம், பல வருடம் அழியாது. சில மாதம் கழித்து ஆர்.என்.ஏ. டெஸ்டை இன்னொரு முறை எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். ரத்ததானம் இனிச் செய்ய முடியாது. மறுபடியும் சி வைரஸ் உள்ளே போனால் மறுபடியும் தொற்றலாம், அம்மை மாதிரி ஒருமுறை வந்தால் தீர்ந்தது என்று கிடையாது. அப்புறம் அந்த ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் பல் பிடுங்கப் போனாலும் கண்புரைக்குப் போனாலும் முதல் டெஸ்டில் பாசிட்டிவ் என்றுதான் வரும், ஒவ்வொரு முறையும் அந்தக் காகிதத்தைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.